இரண்டு மணிக்கு விடிகிறவன்

அழகிரிக்குத் தினமும் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை கை கிடையாது. தோளிலிருந்து இரண்டு தொங்கும், அவ்வளவுதான். விரல் மடங்காது. வலுக்கட்டாயமாக மடக்கினால் நிமிராது. வேட்டியை இடுப்பில் சுற்றிப் பிடித்தபடி நிற்பான். வள்ளிக்கண்ணு வந்து கட்டிவிடுவாள். சோற்றைப் பிசைந்து உருட்டித் தட்டில் வைப்பாள். அவன் உள்ளங்கையில் ஏந்தி வாய்க்குள் தள்ளிக்கொள்வான். நாலு மணிக்கு மேல் விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். ஆறு மணிக்கு அவனே சைக்கிளுக்குக் காற்றடிப்பான். அந்த நேரத்தில் தெருவோடு போகிறவன் பார்த்தால், இந்த ஆளுக்கு என்ன கேடு என்றுதான் நினைப்பான்.

ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓட்டு வீட்டு வரிசையில் கடைசி வீடு அவனுடையது. வேலை, திருச்சிக்கு அந்தப் பக்கம் எடமலைப்பட்டி புதூர் தாண்டி மதுரை ரோட்டில் இருந்த ஒரு நூற்பாலையில். ஐம்பத்தெட்டில் அந்த மில்லில் மூணாம் ஷிப்ட் திறந்தபோது சேர்ந்தவன். ராத்திரி பதினோரு மணிச் சங்குக்கு உள்ளே போனால் காலை ஏழு மணிச் சங்குக்கு வெளியே வரலாம். மூணாம் ஷிப்டில் சேர்ந்தவர்களுக்கு மூணாம் ஷிப்டேதான். சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் அப்படி ஒரு ஏற்பாடு. டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் பகலுக்கு மாற்றுவார்கள்.

இப்போது நாலு வருஷம் ஆகிவிட்டது. முதலில் தூக்கம் போயிற்றா, விரல் போயிற்றா என்று கேட்டால் அழகிரிக்குச் சொல்லத் தெரியாது. தூக்கம்தான் முதலில் என்பாள் வள்ளிக்கண்ணு. பகலில் எட்டரைக்குப் படுப்பான். ஒன்பது மணிக்கு ரயில் போகும். அப்புறம் ஈயம் பூசுகிறவன் கூவிக்கொண்டு வருவான். பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள் மிளகாய் இடிப்பாள். "அவரு தூங்குறாரு, அப்புறம் இடியேன்" என்று வள்ளிக்கண்ணு சுவரோரம் நின்று சொன்னால், "உங்க வீட்டுக்காரரு தூங்கி எந்திரிக்கிற வரைக்கும் என் வீட்டுக்காரரு குழம்பு இல்லாம இருப்பாரா?" என்று பதில் வரும். அது நியாயம்தான். சத்தம் ஓய்ந்து கண் செருகினால், முழங்கையில் ஒரு வலி எலிபோலக் கொறித்துக்கொண்டு மணிக்கட்டுக்கு இறங்கும். புரண்டு படுத்தால் அடுத்த கையில். இப்படி மொத்தமாக இரண்டு மணி நேரம், மிஞ்சினால் மூன்று. வராத தூக்கமெல்லாம் மில்லுக்குள் விடியற்காலை நாலு மணிக்கு வந்து சேரும்.

அவன் சைடர்; ரிங் பிரேம் என்னும் நூற்கும் எந்திரத்தின் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவன். நூற்றுக்கணக்கான கதிர்கள் சுற்றும். அறுந்த இழையைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் முறுக்கி ஒட்டவைத்துக்கொண்டே நடக்க வேண்டும். நடந்துகொண்டே தூங்க அழகிரி பழகியிருந்தான். ஐப்பசியில் ஒரு நாள் அப்படித் தூங்கி, சுற்றுகிற பாபின்மேல் கை சாய்ந்து, கட்டைவிரல் தோல் உரிந்துபோனது. அன்றைக்குத் தோல். அடுத்த தடவை விரலாகவே இருக்கலாம். பல்சக்கரத்தில் இரண்டு விரலை விட்டவன் ஒருத்தன் மில் கேட்டுக்கு வெளியே வெற்றிலைக் கடை வைத்திருந்தான். அவனிடம் புகையிலை வாங்கும்போதெல்லாம் அழகிரி அந்தக் கையைப் பார்க்காமல் வாங்குவான்.

பகல் ஷிப்டுக்குப் போனால் ராத்திரி தூங்கலாம். தூங்கினால் விரல் தப்பும். அவனுக்கு வேண்டியது அதுதான்.

மில் டாக்டர் கியாசுதீன் காலை எட்டிலிருந்து பத்துவரை ஆஸ்பத்திரி அறையில் உட்காருவார். அழகிரி ஷிப்ட் முடிந்து நேராகப் போய் வரிசையில் நின்றான்.

"என்னப்பா?"

"கை வலிங்கய்யா. தூக்கம் இல்லீங்க."

"கையா, தூக்கமா? ஒண்ணச் சொல்லு."

"ரெண்டுந்தாங்க."

டாக்டர் விரல் முட்டிகளை அமுக்கிப் பார்த்தார். கொஞ்சம் வீக்கம் இருந்தது. பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "காலையில எழுந்ததும் விரல் விறைச்சுக் கெடக்குதா? மடக்க முடியாம?"

அழகிரி நேர்மையாக யோசித்தான். காலை என்றால் ஏழு மணிச் சங்கு. எட்டு மணி நேரம் இழை முறுக்கி விரல்கள் சூடேறியிருக்கும் நேரம். நாள் முழுவதிலும் அவன் கை கையாக இருப்பது அப்போதுதான்.

"இல்லீங்கய்யா. காலையிலதான் தேவலாம்."

"நெசமா?"

"பொய் சொல்லி என்னங்க ஆகப்போவுது?"

டாக்டர் இங்கிலீஷில் இரண்டு வரி எழுதினார். "எட்டு மணி நேரம் இழை முடிஞ்சா எவன் கையும் வீங்கத்தான் செய்யும். உனக்குத் தூக்கம் கெட்டுப்போயிருக்கு. மாத்திரை தரேன். தூங்கினா வலி கொறையும்."

"வலி போனாத்தானங்க தூக்கம் வரும்?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மேஸ்திரி இன்னாசிராஜ் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். "வேலைக்குத் தகுதின்னு போட்டிருக்காருய்யா. கை வீங்கின மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு நீ வந்து நின்னப்ப நானே நம்பிட்டேன். பேசாம நாடகக் கம்பெனில சேந்துரு."

அழகிரிக்கு வாதாடத் தெம்பு இல்லை. சைக்கிளை எடுத்தான். பிரேக்கை அமுக்கினால் மணிக்கட்டில் உயிர் போகும் என்பதால், செருப்புக் காலை முன் சக்கரத்தில் வைத்துத்தான் நிறுத்துவான். காவேரிப் பாலத்து இறக்கத்தில் அப்படிக் காலைத் தேய்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான்.

வள்ளிக்கண்ணு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னாரு?"

"தகுதின்னுட்டாரு. காலையில விறைக்குதான்னு கேட்டாரு. இல்லைன்னேன்."

முறம் நின்றது. "நேத்து உங்க வேட்டியக் கட்டிவிட்டது யாரு?"

"நீதான்."

"எப்ப?"

"ரெண்டு, ரெண்டரை இருக்கும்."

"தூங்கி எந்திரிச்ச ஒடனே. அந்த மனுஷன் அதத்தான கேட்டிருக்காரு!"

"காலையிலன்னுதான்டி கேட்டாரு."

"ஊருக்கெல்லாம் ஆறு மணிக்கு விடியுது. ஒங்களுக்கு ரெண்டு மணிக்கு விடியுது. இதச் சொல்றதுக்கு வாய் இல்லியா?"

"அவரு கேக்கலியே" என்றான் அழகிரி. அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது. ஒரு வார்த்தையில் போய்விட்டது காரியம்.

மறுநாள் காலை திரும்பவும் வரிசையில் நின்றான். "அய்யா, நான் மாத்திச் சொல்லிட்டேங்க. காலையில இல்லீங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு எந்திரிச்சா விறைக்குதுங்க. ரெண்டு மணி நேரம் மரக்கட்டைங்க."

டாக்டர் நிமிர்ந்தார். "நேத்து இல்லைன்ன. இன்னிக்கு மரக்கட்டைங்கிற. யாரு சொல்லிக் குடுத்தது?"

"பொஞ்சாதிங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. டாக்டரும் உதட்டை மடித்துக்கொண்டார். அவரிடம் இதுவரை எத்தனையோ பேர் எத்தனையோ வியாதி சொல்லிப் பகல் ஷிப்ட் கேட்டிருந்தார்கள். "கண்ணால பாக்காம எழுத மாட்டேன். விறைச்ச கையோட வா."

"ரெண்டு மணிக்கு வரலாங்களா?"

"பத்து மணிக்கு மேல நான் இங்க இருக்க மாட்டேன். சர்ட்டிபிகேட் புஸ்தகம் அந்த அலமாரிய விட்டு வெளிய வராது."

ஆக, விறைத்த கையோடு காலை எட்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அதற்கு ராத்திரி தூங்கி எழ வேண்டும். ராத்திரி தூங்க முடிந்தவனாக இருந்தால் அவன் ஏன் டாக்டரிடம் போகிறான்?

வார லீவு செவ்வாய்க்கிழமை. அன்று காலை வீட்டுக்கு வந்தவனை வள்ளிக்கண்ணு படுக்க விடவில்லை. கடைக்கு அனுப்பினாள், திரும்ப அனுப்பினாள். உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து பேசினாள். அவன் தலை தொங்கும்போதெல்லாம் தோளில் இடித்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு அவனுக்கு உலகமே மஞ்சளாகத் தெரிந்தது. எட்டு மணிக்குச் சாப்பாடு, டாக்டர் கொடுத்த மாத்திரை இரண்டு, பாய்.

தூங்கினான். ஒன்றரை மணி நேரம் தூங்கியிருப்பான். பத்தரைக்குக் கண் திறந்துகொண்டது. பதினோரு மணிச் சங்குக்குப் போக வேண்டிய உடம்பு. அதற்கு வார லீவு தெரியாது. நாக்கு தடித்துப்போய்க் கிடந்தது, மண்டை கனத்தது, தூக்கம் மட்டும் இல்லை. அந்தப் பழைய எலி முழங்கையிலிருந்து இறங்கத் தொடங்கிற்று.

"தூங்கலியா?" என்றாள் வள்ளிக்கண்ணு இருட்டில்.

"இல்ல."

அவள் அவன் பக்கம் புரண்டாள். அப்புறம் எழுந்து உட்கார்ந்தாள். "சரி. தூங்கின மாதிரியாவது கெடங்க. தூங்கும்போது கை அசையாமதான கெடக்கு, அதனாலதான விறைக்குது? இப்பவும் அசைக்காதீங்க."

போர்வையை மடித்து அவன் நெஞ்சில் வைத்து, இரண்டு கையையும் அதன்மேல் எடுத்துவைத்தாள். அவன் பிணம்போல் மல்லாந்து கிடந்தான். மார்கழிக் குளிர். கொசு.

"வள்ளி, மூக்கு அரிக்குது."

சொறிந்துவிட்டாள்.

"கன்னத்துல ஒண்ணு ஒக்காந்திருக்கு."

அடித்தாள். கொசு தப்பித்தது, அறை அவனுக்கு விழுந்தது.

"நாலு வருஷத்துக் கோவத்தையும் சேத்து அடிச்சிட்ட."

"பேசாமக் கெடங்க. பேசினா கை ஆடுது."

பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று ஸ்டேஷன் பக்கம் சத்தங்கள் வந்து போயின. கையை அசைக்காமல் கிடப்பதைப்போல வேதனை இல்லை. வலிக்கிற இடத்தை மனுஷன் அசைத்துக்கொண்டேதான் இருப்பான். அதைக்கூடச் செய்யாமல் கிடந்தான். நாலரை மணிக்குக் கோயில் பக்கத்திலிருந்து ஒலிபெருக்கியில் பாசுரம் கேட்டது. அழகிரி விரலை மடக்கிப் பார்த்தான். மடங்கவில்லை.

"போயிருச்சு வள்ளி" என்றான். அதை அவன் சந்தோஷமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சைக்கிள் ஆகாது. சட்டையை அவன் தோளில் போர்த்திவிட்டு வள்ளிக்கண்ணு பஸ் ஸ்டாண்டுக்கு நடத்திப்போனாள். வைகுண்ட ஏகாதசி நெருங்கிக்கொண்டிருந்ததால் எதிரே வருகிற பஸ்ஸிலெல்லாம் வெளியூர்க் கூட்டம். இவர்கள் ஏறியதிலும் உட்கார இடமில்லை.

"கம்பியப் புடிங்க, கம்பியப் புடிங்க" என்றார் கண்டக்டர்.

"புடிக்க முடியாதுங்க."

வள்ளிக்கண்ணு ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் அவன் இடுப்பையும் பிடித்துக்கொண்டாள். பொத்தான் போடாத சட்டை, சிவந்த கண், பெண்டாட்டி தாங்கிப் பிடிக்க ஆடுகிற ஆள். ஜன்னலோரம் இருந்த ஒருவர் முகத்தைச் சுளித்தார். "காலங்காத்தாலயே போட்டுட்டானா?"

"ஆமாங்க" என்றாள் வள்ளிக்கண்ணு. "மில்லுல நாலு வருஷமா ஊத்திக் குடுத்துட்டாங்க. இன்னும் தெளியல."

ஜங்ஷனில் இறங்கியபோது நல்ல வெயில் ஏறியிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது அழகிரியின் முகம் மாறியது. "வள்ளி, கட்டைவிரல் வந்துருச்சு."

"ஆட்டாதீங்க!"

"நான் ஆட்டல. தானா வருது."

"வெயில்ல காட்டாதீங்க, இப்படி நிழலுக்கு வாங்க." முந்தானையைக் குழாயில் நனைத்துப் பிழிந்து அவன் இரண்டு கையையும் சுற்றினாள். ஐஸ் கட்டி வாங்கிக்கொண்டு தூரத்து வீட்டுக்குப் போகிறவர்களைப் போல இருவரும் தவித்தார்கள். ஊரில் எல்லோரும் வியாதி போகட்டும் என்று வேண்டிக்கொண்டு டாக்டரிடம் போவார்கள்; இவர்கள் போய்ச் சேருகிறவரை இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு போனார்கள்.

எட்டேகாலுக்கு டாக்டர் முன்னால் நின்றார்கள். டாக்டர் ஈர முந்தானையையும் அதற்குள்ளிருந்து வந்த கையையும் பார்த்தார். "சட்டப் பொத்தானப் போடு" என்றார்.

அழகிரி முயன்றான். விரல்கள் பொத்தானின்மேல் தட்டித் தட்டி நழுவின. டாக்டர் பேனாவை நீட்டினார். அது கீழே விழுந்தது. முட்டிகளைக் குறுக்குவாட்டில் சேர்த்து அமுக்கினார். அழகிரி பல்லைக் கடித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எத்தன மணிக்கு எழுந்தே?"

"தூங்கவே இல்லீங்க" என்றான் அழகிரி.

"நல்லாத் தூங்கினாருங்க" என்றாள் வள்ளிக்கண்ணு, அதே நேரத்தில்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே வரிசையில் இருந்தவர்கள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவர் பழைய சீட்டின் நகலை எடுத்துத் தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் படித்தார். தப்பு என்று சொல்லவில்லை. "'எழுந்ததும்'னு மட்டும் கேட்டிருக்கணும். 'காலையில'ன்னு கேட்டிருக்கக் கூடாது" என்று பேனாவைப் பார்த்துச் சொன்னார்.

"இது எதனாலங்க வந்துச்சு? தூக்கம் கெட்டதாலயா?"

"தெரியாதுப்பா. இது முடக்குவாதம். உடம்பு தன்னோட மூட்டையே வேத்தாள்னு நெனச்சு அடிக்குதுன்னு இப்ப சொல்றாங்க. தூக்கம் கெட்டா அடி பலமா விழும். அடி விழுந்தா தூக்கம் வராது. எது முன்னன்னு சொல்ற அளவுக்கு நான் படிக்கல." சாப்பிட்ட பின் விழுங்க ஆஸ்பிரின் கொடுத்தார். புத்தகத்தில் எழுதிக் கிழித்து நீட்டினார்: இரவு வேலை கூடாது, நிரந்தரமாக.

தை முதல் வாரத்திலிருந்து பகல் ஷிப்ட். காலை ஏழிலிருந்து மூன்றரை. முதல் நாளுக்கு முந்தின ராத்திரியும் அழகிரி புரண்டான். இரண்டாம் ராத்திரியும் அப்படியே. நாலாம் ராத்திரி எட்டரைக்குப் படுத்தவன் ஐந்து மணிக்கு வள்ளிக்கண்ணு உலுக்கித்தான் எழுந்தான். எட்டரை மணி நேரம். கல்யாணத்துக்குப் பிறகு இப்படித் தூங்கியதில்லை என்று அவனே சொன்னான். சொல்லிவிட்டு எழுந்திருக்கக் கையை ஊன்றினான். கை ஊன்றவில்லை.

மத்தியானத்து விறைப்பு இரண்டு மணி நேரம்தான். அசல் காலையின் விறைப்பு அதைவிடப் பொல்லாததாக இருந்தது. மூன்று, மூன்றரை மணி நேரம் இழுத்தது. மூணாம் ஷிப்டில் அது வீட்டோடு போய்விடும். மில் வாசலை மிதிக்கும்போது கை இருக்கும். இப்போது ஏழு மணிச் சங்குக்கு ரிங் பிரேம் முன்னால் இரண்டு மரக்கட்டையோடு நின்றான். இழைகள் அறுந்தன. பத்து, இருபது, நாற்பது. அறுந்த பஞ்சு உருளையில் சுற்றிக்கொண்டது. பக்கத்துப் பிரேம் ஷேக் தாவூது இரண்டு நாள் ஓடிவந்து இழை முடிந்துகொடுத்தான். மூன்றாம் நாள், "என் பக்கமும் அறுவுதுண்ணே" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

இன்னாசிராஜ் வந்து நின்றான். மேஸ்திரிகளுக்கு மட்டும் ஷிப்ட் மாறி மாறி வரும்; அவனும் இப்போது பகலில் இருந்தான். இந்தத் தடவை கேலி பண்ணவில்லை. அதுதான் அழகிரிக்குப் பயமாக இருந்தது. "என்னய்யா இது? நைட்ல ஒழுங்கா முடிஞ்சுக்கிட்டுத்தான இருந்த?"

"ஒம்பது மணிக்கு மேல முடிஞ்சிருவேங்க."

"மில்லு ஏழு மணிக்குல்ல ஓடுது?"

"திரும்ப நைட்டுக்கே போயிரட்டுங்களா?"

"நிரந்தரமாக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்க. பெரியாபீஸ்ல பைல்ல கெடக்கு. இனிமே நீயா கேட்டாலும் போட மாட்டாங்க." அவன் உருளையில் சுற்றிய பஞ்சைக் கத்தியால் கீறி எடுத்தான். "இந்த வாரம் பாப்பேன். அப்புறம் ரிப்போர்ட் பண்ணித்தான் ஆகணும். என் வேலையும் இருக்குல்ல?"

அன்று சாயங்காலம் வீட்டில் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். ஏழு மணிக்குக் கை வேண்டும். விரல் வர மூன்றரை மணி நேரம். வெந்நீரில் போட்டு அசைத்தால் கொஞ்சம் முன்னால் வரும். "மூணு மணிக்கு எந்திரிக்கணும்" என்றாள் வள்ளிக்கண்ணு. அழகிரி தலையாட்டினான். அவளுக்கும் அது மூணு மணிதான் என்பதைச் சொல்ல நினைத்தான். சொல்லி என்ன ஆகும் என்று விட்டுவிட்டான்.

ஒன்பது மணிக்குள் தூங்கிப்போனான். கிணற்றில் போட்ட கல்போல இறங்கினான். ரயில் போனது தெரியவில்லை, கொசு கடித்தது தெரியவில்லை, முழங்கையில் எலி கொறித்ததா என்றுகூடத் தெரியவில்லை. எங்கேயோ மேலே யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல இருந்தது. போகட்டும் என்று இன்னும் கீழே போனான். தோளில் ஒரு கை விழுந்து உலுக்கிற்று. இன்னொரு முறை. இந்தத் தூக்கத்துக்காக நாலு வருஷம் அலைந்தவனை அதிலிருந்து பிடுங்கி எடுப்பதற்குள் வள்ளிக்கண்ணுக்கு மூச்சு வாங்கியது.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சட்டியில் வெந்நீர் ஆவி விட்டது. வெளியே கும்மிருட்டு.

"விடிஞ்சிருச்சா?" என்றான்.

"ஒங்களுக்கு விடிஞ்சிருச்சு" என்றாள். அவன் கைகளைத் தூக்கித் தண்ணீருக்குள் வைத்தாள். கொட்டாவியை அடக்கிக்கொண்டு, கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தாள்.